ஒன்பதாவது கை

கிரேனில் தொங்கிய இரும்புத் தகட்டின் விளிம்புக்கு மேலே அன்று ஒன்பது கைகள் தெரிந்தன.

மேஸ்திரி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். நான்கு மூலைக்கு நான்கு ஆள், ஆளுக்கு இரண்டு கை, எட்டு. இந்தக் கணக்குப் போட யாரும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. முன்பக்கத்து இரண்டு மூலைகளில் நான்கு. பின்பக்கத்து இடது மூலையில் இரண்டு. வலது மூலையில் மூன்று. மூன்றும் எண்ணெய்க்கறை படிந்த தோல் கையுறைகள், மூன்றும் விரல்களை விரித்துக்கொண்டு பொறுமையாக நின்றன.

"என்ன மேஸ்திரி, எட்டு வரைக்கும் எண்ண இவ்வளவு நேரமா? நடுவுல ஏதாவது நம்பர் தொலைஞ்சுபோச்சா?" என்று மேலே கிரேன் கூண்டிலிருந்து குரல் வந்தது. கிரேன் ஓட்டுகிறவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிப்ட் தொடங்கினால் வாய் திறப்பான், முடிந்தால்தான் மூடுவான்.

"எட்டு!" என்று கத்தினார் மேஸ்திரி. வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி மடக்கிக் காட்டினார். இறக்கு என்று அர்த்தம். சங்கிலிகள் கிறீச்சிட்டன. மூன்று டன் தகடு மெதுவாக இறங்கி மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்தது. யாரும் அலறவில்லை. குனிந்திருந்த நான்கு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். பின்பக்கத்து வலது மூலையில் இருந்தது பழைய வெல்டர் ஒருவர்தான். அவருக்கு எல்லோரையும் போல இரண்டு கைதான் இருந்தது.

மேஸ்திரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த ஷெட்டில் பெரிய தொட்டிகள் செய்வார்கள். வரும் தகடுகளை நேராகத் தரையில் வைக்க முடியாது, வைத்தால் சங்கிலியை அடியிலிருந்து உருவ முடியாது. அதனால் நான்கு மூலைக்கும் மரக்கட்டை வைத்து, அதன் மேல்தான் இறக்குவார்கள். கட்டை நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் தகடு வழுக்கும். கட்டையைச் சரிசெய்ய ஆள் உயரக் கொக்கிக் கம்பி ஒன்று ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்தார்கள். அதைக் கொடுத்தவர் ஒருநாளும் அதை வைத்துக் கட்டையைத் தள்ளிப் பார்த்ததில்லை. கம்பி ஒரு பக்கம் போகும், கட்டை இன்னொரு பக்கம் போகும். கை என்றால் ஒரு நொடியில் வேலை முடியும்.

கை என்றால் கையும் போகும். அப்படி ஒருமுறை யாருடைய விரலோ போன பிறகு ஆபீஸிலிருந்து ஒரு விதி வந்தது. தகட்டை இறக்கும் முன் மேஸ்திரி "கையைக் காட்டுங்க!" என்று கத்த வேண்டும். குனிந்திருக்கும் நான்கு பேரும் இரண்டு கைகளையும் தகட்டுக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். ஆள் தெரியாது, கைகள் மட்டும் தெரியும். மேஸ்திரி எண்ணி, "எட்டு" என்று சொன்ன பிறகுதான் கிரேன் இறங்கும்.

நல்ல விதி. வாசலில் லாரி நின்று ஹாரன் அடிக்காத வரை எல்லா விதியும் நல்ல விதிதான்.

அப்படி லாரி நின்ற ஒரு நாளில்தான் மேஸ்திரி அந்த வழியைக் கண்டுபிடித்தார். தானே ஒரு மூலையில் குனிந்து வலது கையுறையைக் கழற்றினார், கொக்கிக் கம்பியின் நுனியில் மாட்டினார், கம்பியைத் தகட்டு விளிம்பில் சாய்த்து நிறுத்தினார். இடது கை உண்மையாகவே மேலே. வலது கை வெறுங்கையாகக் கீழே, கட்டையை நேராகப் பிடித்தபடி. "ஆபீஸ்காரனுக்கு எட்டு வேணும், அவ்வளவுதானே? எட்டு குடுத்துட்டுப் போவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குக் கம்பிக்குக் கை கொடுக்கிறது என்று பேரும் வைத்துவிட்டார்கள். ஆறு வருடம் கம்பிகள் கை தூக்கின, மேஸ்திரி அவற்றையும் சேர்த்து எண்ணினார்.

ஏழு வாரத்துக்கு முன்பு, சாயங்காலம் ஆறு இருபதுக்கு, தகடு ஒரு சாண் திடீரென்று இறங்கியது. சங்கிலியின் கொக்கி ஒன்று நகர்ந்துவிட்டது. பின்பக்கத்து வலது மூலையில் அன்று இருந்தது மேஸ்திரியின் மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. நான்கு விரல் போயிற்று. கட்டை விரல் மட்டும் மிச்சம்.

அலறல் கேட்டதும் மற்ற எல்லோரும் தகட்டை நோக்கி ஓடினார்கள். மேஸ்திரியும் ஓடினார். அவர் ஓடியது கம்பியை நோக்கி. அதன் நுனியில் இருந்த கையுறையை உருவிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். அதன் பிறகுதான் மச்சினனின் தலையை மடியில் எடுத்து வைத்து, "ஒண்ணுமில்ல மாப்ள, ஒண்ணுமில்ல" என்றார். இதை யாரும் பார்க்கவில்லை. பார்க்காததை அவர் ஏழு வாரமாக ஒருநாள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிக்கை அவர் கையெழுத்தில்தான் போயிற்று. எட்டுக் கைகளும் எண்ணப்பட்ட பிறகு, தொழிலாளி கையுறையைக் கழற்றிவிட்டுத் தானாகவே கையை உள்ளே விட்டார். மேனேஜர் இரண்டு தடவை படித்துப் பார்த்து, "தெளிவா இருக்கு" என்றார்.

மச்சினன் இப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தான், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில். வலது கையில் வெள்ளைக் கட்டு. இடது கையில் பென்சில். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தன் பேரைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகினான். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. விபத்து அவன் தப்பில்லை என்று விசாரணையில் முடிவானால் ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பார்கள், ஓய்வு பெறும் வயது வரைக்கும். அவன் தப்பு என்றால் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள்.

"விரல் வலிக்குதா?" என்று மேஸ்திரி ஒரு சாயங்காலம் கேட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

"வலி இல்ல மாமா. புடிச்சுகிட்டே இருக்கு."

"எது?"

"கட்டைய." மச்சினன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தான். "அந்த ஈரக் கட்டை. ஓரத்துல ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருக்குமே, அது கூட நடுவிரல்ல குத்துது. எல்லா விரலும் அங்கதான் இருக்கு மாமா, இன்னும் புடிச்சுகிட்டு இருக்கு. விடுன்னு சொல்றேன், விடமாட்டேங்குது."

மேஸ்திரி காலண்டர் தாள்களை எடுத்து அடுக்கி வைத்தார். டாக்டரிடம் சொல்லலாம் என்றார்.

"சொன்னேன். போகப் போக சரியாயிடும்னார். டாக்டருக்கு என்ன, அவர் கை அவர்கிட்ட இருக்கு." அவன் சிரித்தான். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னான்: "கம்பிக்குக் கை குடுத்த விஷயத்த நீங்களே விசாரணையில சொல்லிடுங்க மாமா. நான் சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்றான்னுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

மேஸ்திரி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு ஆமாம் என்றும் அர்த்தம் சொல்லலாம், சரி பார்க்கலாம் என்றும் சொல்லலாம். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி இருந்தது.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றில் கை வைத்தார். விரல் நுனியில் சோறு தெரியவில்லை. மரம் தெரிந்தது. ஈரமான, சொரசொரத்த மரம், கோடு கோடாக. நடுவிரலில் ஏதோ கூர்மையாகக் குத்தியது. வெடுக்கென்று கையை எடுத்துப் பார்த்தார். சோற்றுப் பருக்கைகள்தான் ஒட்டியிருந்தன.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆஸ்பத்திரிப் பையில தம்பியோட கிளவுஸ் ஒண்ணுதான் இருந்துச்சு. இடது கையுது. வலது எங்க?"

"கழட்டி எங்கயோ போட்டிருக்கான்."

"எங்கயோன்னா?"

"எங்கயோன்னா எங்கயோதான். ஷெட்டு முழுக்க இரும்பு கெடக்கு, அதுல போய் ஒரு கிளவுஸ தேடச் சொல்றியா?"

"நான்தானே தச்சுக் குடுத்தேன், கட்டை விரல் பக்கம் கிழிஞ்சிருந்துச்சுன்னு. நீல நூல்ல. எங்க கெடந்தாலும் தெரியுமே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டது அவருக்குக் கேட்டதைவிட மோசமாக இருந்தது.

மறுநாளும் ஒன்பது. அதற்கு மறுநாளும். எப்போதும் ஆறு மணிக்கு மேல், வெளியே வெளிச்சம் போய், ஷெட்டின் உயரத்து விளக்குகள் இன்னும் சூடேறாமல் பழுப்பாக முனகிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில். எப்போதும் பின்பக்கத்து வலது மூலையில். மேஸ்திரி ஒவ்வொரு முறையும் "எட்டு" என்றார். வேறென்ன சொல்வது? ஒன்பது என்று சொன்னால், ஒரு கை பொய் என்று சொன்னதாகும். பொய்க் கை என்று ஒன்று உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டதாகும்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு அவர் துணிந்து பக்கத்தில் போனார். கைகள் மேலே இருக்கும்போதே, தகட்டைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. அரைத்த இரும்பின் சூட்டு வாடைக்கு நடுவே, மழையில் நனைந்த மரத்தின் புளித்த வாடை வந்தது. ஒன்பதாவது கையுறை மற்ற இரண்டிலிருந்தும் சற்றுத் தள்ளி நின்றது. கட்டை விரல் ஓரத்தில் நீல நூல் தையல். சின்னச் சின்னதாக, நெருக்கமாக, அவர் மனைவி தைக்கும் தையல். அதன் விரல்கள் மடங்கின. கீழே. கீழே. கீழே.

அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார். பழைய வெல்டர் தகட்டுக்குக் கீழிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மேஸ்திரி, பேய் மாதிரி நிக்கிறீங்க? கை கடுக்குது, சீக்கிரம் சொல்லுங்க" என்றார். அந்த இடத்தில் வேறொன்றும் இல்லை.

ஷிப்ட் முடிந்து எல்லோரும் குளியலறைப் பக்கம் போன பிறகு மேஸ்திரி தன் இரும்பு அலமாரியைத் திறந்தார். பழைய வரைபடச் சுருள்களுக்கு அடியில் அவர் ஒளித்து வைத்த கையுறை வைத்த இடத்திலேயே இருந்தது. எங்கும் போகவில்லை. நிம்மதியோடு அதை எடுத்தார். உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

சூடாக இருந்தது. அப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததுபோல, வேர்வை ஈரத்தோடு.

எரித்துவிடலாம் என்று நினைத்தார். தோல் எரிந்தால் ஷெட் முழுக்க நாறும், எல்லோரும் வந்து கேட்பார்கள். வீட்டுக்கு எடுத்துப்போனால் மனைவி கண்ணில் படும். மறுபடி சுருள்களுக்கு அடியிலேயே வைத்து அலமாரியைப் பூட்டினார். திருட்டுப் பொருளை வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை, தொலைக்கவும் தெரியவில்லை. தன்மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். விபத்து நடந்த அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில், அதே மாதிரித் தகட்டை இறக்கிக் காட்ட வேண்டும் என்றார். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மச்சினனுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவனுக்குப் பின்னால் மேஸ்திரியின் மனைவி நின்றாள். தம்பியின் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டிருக்க வேண்டும், ஒன்று மாறிப்போயிருந்தது.

மணி ஆறு பதினைந்து. விளக்குகள் முனக ஆரம்பித்தன.

"மேஸ்திரி, நீங்களும் அன்னைக்கு இருந்த மாதிரியே நில்லுங்க. கிளவுஸ் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"போட்டிருந்தேன் மேடம்."

அலமாரியிடம் போனார். உள்ளே இருட்டாக இருந்தது. மேல்தட்டில் தன் கையுறைகள் எப்போதும் இருக்கும் இடத்தில் தடவி எடுத்து, மாட்டிக்கொண்டே திரும்பி நடந்தார். வலது கை கதகதப்பாக இருந்தது. வேர்வை என்று நினைத்தார். உடம்பெல்லாம்தான் வேர்த்திருந்தது.

தகடு நெஞ்சு உயரத்தில் தொங்கியது. நான்கு பேரும் குனிந்தார்கள்.

"கையைக் காட்டுங்க!"

கையுறைகள் எழுந்தன. மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். முன்பக்கம் நான்கு. பின்பக்கம் இடது இரண்டு. பின்பக்கம் வலது... இரண்டு. மறுபடி எண்ணினார். எட்டு. எட்டுதான். இத்தனை நாளுக்குப் பிறகு எட்டு. அந்த நிம்மதியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எட்டு!" என்றார், வேண்டியதைவிடச் சத்தமாக.

"அன்னைக்கும் இப்படித்தானா?" அதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "நீங்க எண்ணின எட்டும் கைதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றதத்தான் நான் எழுதப்போறேன்."

மச்சினன் அவரையே பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். பஸ் வரும் திசையைப் பார்ப்பதுபோல, வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு பார்த்தான். ஒரு வார்த்தை. இல்லை என்று ஒரே வார்த்தை. மேஸ்திரியின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. மேனேஜர் லேசாக இருமினார்.

"எட்டும் கைதான் மேடம்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிகாரி எழுதினார். பேனா தாளில் உரசுவது அவ்வளவு பெரிய ஷெட்டில் தெளிவாகக் கேட்டது.

"சரி. இறக்கச் சொல்லுங்க."

மேஸ்திரி வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார்.

காற்று தெரியவில்லை. விரல் நுனிகளில் மரம் தெரிந்தது. ஈரமாக, சொரசொரப்பாக, கோடு கோடாக. நடுவிரலில் ஆணி குத்தியது. கையின் மேல்பக்கத்தில் குளிர்ச்சி படிந்தது, பெரிய இரும்பு ஒன்று மிக அருகில் வந்தால் தோல் உணருகிற குளிர்ச்சி.

"அக்கா." நாற்காலியிலிருந்து மச்சினனின் குரல். "அக்கா, விட்டுடுச்சு."

"என்னடா?"

"கட்டைய விட்டுடுச்சுக்கா. இப்பத்தான். கை லேசாயிடுச்சு." அவன் சிரித்தான், அழுதான், எதுவென்று தெரியவில்லை. "வேற யாரோ புடிச்சுகிட்டாங்க."

சங்கிலிகள் கிறீச்சிட்டன. தகடு அசைந்தது.

மேஸ்திரி கையை இழுத்தார். வரவில்லை. விரல்கள் கட்டையைப் பிடித்திருந்தன. விடு என்றார். விடவில்லை. நிறுத்து என்றால் முஷ்டியை மூட வேண்டும். மூடினார். மரம்தான் இறுகியது.

"நிறுத்து! டேய், நிறுத்து!"

கிரேன் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. ரேடியோ கூண்டிலிருந்து குனிந்து பார்த்தான். பிறந்ததிலிருந்து மூடாத வாயை இன்று மூடிக்கொண்டு, விசாரணை நாளாயிற்றே என்று பயபக்தியோடு, விதிப்படி, மேஸ்திரியின் கையை மட்டும் பார்த்தான்.

குளிர்ச்சி தோலைத் தொட்டது.

பாரம்.

மேஸ்திரி தலையைத் தூக்கித் தன் கையைப் பார்த்தார். பழுப்பு வெளிச்சத்தில், தலைக்கு மேலே, கையுறை நிமிர்ந்து நின்றது. கட்டை விரல் ஓரத்தில் நீல நூல். சட்டைக் கைக்கும் கையுறைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அங்கே மணிக்கட்டு தெரிய வேண்டும். தெரிந்தது துருப்பிடித்த ஒரு கம்பி.

அதன் நுனியில் வெறும் கையுறை விரல்களை மடக்கியது. கீழே. கீழே. கீழே.